ரௌத்திரி, கோல்பரி

நகர மண்டபத்தின் நிலவறையில்
கொதிகலனுக்குப் பக்கத்து மேசை.
மணிக்கு இருபத்தொரு டாலர்.
கோல்பரி என்னும் மாசசூசெட்ஸ் ஊரின்
பழைய பதிவேட்டை எழுத்தெழுத்தாய்க்
கணினிக்குள் இறக்குகிறேன்.
இன்று ஆயிரத்து அறுநூற்று எண்பது.

எழுத்தர் பெயர் எலியாக்கிம் டோன்.
எஸ்ஸை எஃப் போல வளைக்கும் கை.
மை உறைந்த நாட்களில் எழுத்து தடிக்கும்.

ஓநாய்த் தலை இரண்டு,
சபைக் கூடத்துக் கதவில் அறையப்பட்டன;
கொன்றவனுக்குப் பத்து ஷில்லிங்.
பன்றிக்கு நுகம் மாட்டாத
விதவை பேஷன்ஸ் ராட்லிஃபுக்கு அபராதம்.
படகுத்துறைக்காரன் செத்தான்.
சாவுக்கு அரை வரி,
அவன் கடனுக்கு ஆறு வரி.

டிசம்பரில் மட்டும்
எலியாக்கிமுக்கு வாக்கியம் நீள்கிறது:
சூரியன் விழுந்தபின் மேற்கே ஒரு நட்சத்திரம்,
அதன் வால் பாதி வானம்,
நாய்கள் குரைக்கவில்லை.
கீழே, அதே மையில்,
அதை நோக்கிச் சுட்டவனுக்கு
வெடிமருந்தை வீணாக்கியதற்காக ஐந்து ஷில்லிங்.

'இந்தியன் ஒருவன், ஆற்றில் மூழ்கி.'
விரல் ஒரு கணம் நின்றது.
திசை தப்பி வந்த எவனோ
எங்களுக்கென்று கொண்டுவந்த சொல்
அவன்மேல் ஈரமாய் ஒட்டியிருந்தது.
பெயர்க் கட்டம் காலியாக இருந்தால்
மென்பொருள் நகராது.
'தெரியாது' என்று அடித்தேன்.
அவனுக்குத் தெரிந்திருக்கும்.

தேங்க்ஃபுல் ஸ்டர்ஜிஸ்,
ஒபதியாவுக்கும் மெகேதபேலுக்கும் மகள்.
பிறப்பு ஏப்ரல் பதினொன்று, 1680.
இறப்பு பிப்ரவரி பத்தொன்பது, 1680.

திரையில் சிவப்பு:
பிறப்பதற்கு முன் இறக்க முடியாது.
திருத்தவும்.

மேற்பார்வையாளர் கோரின் எட்டிப் பார்த்து
'டோன் தூங்கிவிட்டான்' என்றாள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
சித்திரையில் வருடம் பிறக்கும் வீட்டில் வளர்ந்தவளுக்குத்
தையும் மாசியும் கடைசியில் வருவது பிழையா என்ன?
இவர்கள் வருடம் மார்ச் இருபத்தைந்தில் பிறக்கும்.
பிப்ரவரிக்கு அப்போது பல் கொட்டியிருக்கும்.
நம் பஞ்சாங்கத்தில் அது ரௌத்திரி.

பத்து மாதம், எட்டு நாள்.
உள்ளே பத்து மாதம், வெளியே பத்து மாதம்.
வால்வெள்ளி வந்தபோது அவளுக்கு எட்டு நடக்கிறது,
எதைக் கண்டாலும் கை நீட்டும் பருவம்.
பாதி வானத்தைப் பிடிக்கப் பார்த்திருப்பாள்.

பக்கத்தின் அடியில், வருடத்தின் கடைசி நாள்:
மார்ச் இருபத்துநான்கு, 1680.
ஒபதியாவுக்கும் மெகேதபேலுக்கும் மகள்,
தேங்க்ஃபுல்.

அப்படியானால் அந்தக் குழியின் அருகே
மெகேதபேல் நிறைவயிற்றோடு நின்றாள்.
இறுகிய மண்ணை ஒபதியா
கோடரியால் கொத்தியிருப்பான்.
ஐந்து வாரம் கழித்து
அதே பெயரை,
உடம்புச் சூடு ஆறாத சட்டையை,
எடுத்து மாட்டினார்கள்.
நன்றி என்று பொருள் வரும் பெயர்.
இரண்டாம் முறை அதைச் சொல்ல
வாய் எவ்வளவு நேரம் எடுத்ததோ,
டோன் எழுதவில்லை.

தேதிவாரியாக அடுக்கச் சொன்னேன்.
பிப்ரவரியில் இறந்தாள்.
மார்ச்சில் பிறந்தாள்.
ஏப்ரலில் மறுபடி பிறந்தாள்.
வால்வெள்ளி எல்லாவற்றுக்கும் கடைசியில்,
வீட்டில் எல்லோரும் இருக்கும்போது வந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தேன்.

பிறகு பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும்
1681 என்று திருத்தினேன்.
டோன் எழுதியதைக் குறிப்புக் கட்டத்தில் சேர்த்தேன்.
சிவப்பு போனது.
மஞ்சளில் வேறொன்று வந்தது:
ஒரே பெயர், ஒரே பெற்றோர்.
இரண்டையும் இணைக்கவா?

இல்லை.

உறுதிதானா என்றது.
கொதிகலன் இருமிவிட்டு ஓய்ந்தது.
மணி நாலே முக்கால்.
இல்லை என்பதையே
இன்னொரு முறை அழுத்தினேன்.